மீனாட்சி அம்மாளுக்கு ஒரு முழுப்பேர்

தேயிலைத் தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் சம்பளம். காலையில் பிரட்டு எனும் ஆள் கணக்கெடுப்புக்குப் போய், கங்காணி காட்டிய மலையில் நிரை பிடித்து, தோட்டம் வைத்த கணக்குக்குக் கொழுந்து எடுத்தால் செக்ரோல் எனும் வேலைப் பதிவேட்டில் முழுப்பேர் விழும். கணக்குக் குறைந்தால் அரைப்பேர். “இன்னைக்கு என்ன, பேரா அரைப்பேரா?” என்று லயத்து வாசலில் கேட்கும் கேள்விக்கு மலையகத்தில் பிறந்த எவருக்கும் விளக்கம் தேவையில்லை.

அந்தப் பேர் எப்படி எழுதப்படுகிறது என்பதை மாலை நிறுவை நேரத்தில் பார்க்கலாம். மழை நாளென்றால் இடுப்பில் கட்டிய படங்கு ஈரத்தில் கனத்து முழங்காலில் அடிக்கும். முதுகுச் சுமையை இறக்கித் தராசுக் கொக்கியில் மாட்டும்போது அந்தப் பெண்ணின் கண் முள்ளை விட்டு நகராது. முள் நின்ற இடத்திலிருந்து ஈரத்துக்கென்று கொஞ்சம், சாக்குக்கென்று கொஞ்சம், முற்றிய இலைக்கென்று கொஞ்சம் கழியும். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த பெருவிரல் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டு, கழிந்த கிலோவை எண்ணிப் பார்த்துக்கொள்ளும். அவள் பறித்ததற்கும் அவள் பெயருக்கு நேரே எழுதப்படுவதற்கும் நடுவில் எப்போதும் ஒரு கழிவு இருக்கிறது.

மலையகத்தின் பொது நினைவிலும் பெண்களுக்கு அதே கழிவுதான் விழுந்திருக்கிறது.

மலைநாட்டில் சிலைகளுக்குப் பஞ்சமில்லை. ஹப்புத்தளைக்கு மேலே, தம்பதென்னைத் தோட்டத்து உச்சியில், சேர் தோமஸ் லிப்டன் தேநீர்க் கோப்பையோடு சிலையாக உட்கார்ந்திருக்கிறார். ஏறிவரும் பயணிகள் அவர் பக்கத்தில் அமர்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். தலவாக்கலைக்கு அருகே சென் கிளயர் பக்கம், 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் நெடுஞ்சிலையாக நிற்கிறார். தொழிற்சங்கப் பக்கம் பார்த்தால் சௌமியமூர்த்தி தொண்டமானுக்குக் கொழும்பில் பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் அருகிலேயே சிலை உண்டு. அது நியாயமாகக் கிடைத்த மரியாதை. குடியுரிமை இழந்த ஒரு சமூகத்தின் தலைவர் அந்த இடத்தில் நிற்பதற்கு ஒரு பெறுமதி இருக்கிறது.

பெண்கள்? அவர்களும் இருக்கிறார்கள். தேயிலை விற்பனை நிலையங்களின் வாசலில், தேயிலைப் பெட்டிகளின் மூடியில், சுற்றுலா விளம்பரத் தட்டிகளில், தலையில் கயிறும் முதுகில் கூடையுமாகச் சிரித்துக்கொண்டு நிற்கும் பெண் அவள்தான். எந்தத் தோட்டம், எந்த டிவிசன், என்ன பெயர் என்று யாரும் எழுதுவதில்லை. டெய்லருக்குப் பெயர் உண்டு, பிறந்த ஊர் உண்டு, ஆண்டு உண்டு. கொழுந்துக்காரிக்கு உருவம் மட்டும்தான். நுவரெலியா நகரின் நடுவில் இருக்கும் பூங்காவுக்கு ஒரு பெண்ணின் பெயர் இருப்பது உண்மை. ஆனால் அது 1897ஆம் ஆண்டு வைர விழாக் கண்ட விக்டோரியா மகாராணியின் பெயர்.

அட்டன் நகரில், ஊர்வலங்களும் சம்பளப் போராட்டங்களும் வந்து கூடும் மல்லியப்பு சந்தியை அண்டிய ஓரிடத்தில், மீனாட்சி அம்மாளுக்கு ஒரு சிலை எழ வேண்டும். அவருடைய பெயரைப் பொறித்து, அவர் என்ன செய்தார் என்பதைப் பொறித்து, அவர் எழுதிய நூலின் பெயரையும் பொறித்து.

மீனாட்சி அம்மாள் என்றால் பாடசாலைப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தவர்களும் ‘கோதண்டராம நடேசய்யரின் மனைவி’ என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரி அரைப்பேர்.

நடேசய்யரின் கதை ஓரளவு அறியப்பட்டது. தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்தவர். தோட்டத்துக்குள் வெளியார் கால் வைக்க முடியாத காலத்தில் துணி விற்பவர் போல உள்ளே நுழைந்து தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தவர். ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ என்று பத்திரிகைகள் நடத்தியவர். 1920களில் சட்டநிரூபண சபையில் பேசியவர். ஏ.ஈ. குணசிங்காவோடு சேர்ந்து கொழும்பில் தொழிற்சங்க வேலை செய்து, பின் அவரோடு முரண்பட்டுப் பிரிந்து, 1931இல் அட்டனை மையமாக வைத்து அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியவர். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனவர். மலையகத் தொழிற்சங்க வரலாறு அவரிலிருந்து ஆரம்பிப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

அந்த வரலாற்றில் மேடை என்று வரும் இடங்களில் இன்னொருவர் நின்றார். கூட்டம் கூடியதும் மீனாட்சி அம்மாள் பாடுவார். பாரதியின் பாடல்களைத் தோட்டத்து மக்களிடம் கொண்டுபோனவர்களில் அவர் முக்கியமானவர். பிறகு தாமே எழுதத் தொடங்கினார். மக்கள் அறிந்த மெட்டுகளில், தொழிலாளியின் கடன், துரையின் கெடுபிடி, கங்காணியின் பிடி, அரசாங்கத்தின் பாராமுகம் என்று நேரடியாகப் பேசும் பாடல்கள். ‘தேசபக்தன்’ பத்திரிகை வேலையிலும் தோள் கொடுத்தார். பெண்களின் உரிமை பற்றியும் எழுதினார். 1940இல் வெளிவந்த ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பாடல் சிறுநூல் அவருடையது. தலைப்பே ஓர் ஆணைக்குழு அறிக்கை போல இருக்கிறது. உள்ளே இருந்தது பாட்டு.

அந்தத் தலைப்பை விளங்கிக்கொள்ள அந்த ஆண்டுகளை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1937இல் கிராமச் சபைச் சட்டம் திருத்தப்பட்டபோது தோட்டத்து இந்தியத் தொழிலாளருக்கு வாக்கு மறுக்கப்பட்டது. 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு இருந்த இந்தியரை வேலை நீக்கும் முடிவு வந்தது. அந்த யூலையில் நேரு கொழும்புக்கு வந்தார், இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டு கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். மீனாட்சி அம்மாளின் சிறுநூல் இந்த நெருப்புக்குள்ளிருந்துதான் வந்தது.

பாட்டு என்றதும் அதை மேடை அலங்காரமாக, தலைவர் பேச்சுக்கு முந்திய இறைவணக்கம் போல நினைத்துக்கொள்ளும் பழக்கம் ஒன்று இருக்கிறது. 1930களின் தோட்டத்தில் நிலைமை அப்படி இருக்கவில்லை. பெரும்பாலான தொழிலாளருக்கு எழுத்து வாசனை கிடையாது. தொழிற்சங்கத்தின் பத்திரிகை லயத்துக்குள் வருவதைத் துரைமார் விரும்பவில்லை. தோட்டம் தனியார் காணி என்பதால் உள்ளே கூட்டம் நடத்தப் போகிறவர் அத்துமீறிப் புகுந்தவராகிவிடுவார். இந்த நிலையில் சங்கத்தின் சேதி போவதற்கு மிச்சமிருந்த வழிகளில் உறுதியானது பாட்டுத்தான். மலையில் நிரை பிடித்து நிற்கும் பெண்களுக்கு ஏற்கெனவே பாட்டுப் பழக்கம் உண்டு. தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் அவர்களோடு கப்பலேறி வந்தவை. சி.வி. வேலுப்பிள்ளை பின்னாளில் தொகுத்த ‘மாமன் மகனே’ அந்தச் செல்வத்தின் ஒரு பகுதி. அந்தப் பழக்கத்தின் மேலேயே மீனாட்சி அம்மாள் அரசியலை ஏற்றினார். ஆகவே அவர் செய்தது பிரசாரப் பிரிவின் வேலை, அமைப்பாளரின் வேலை. அதற்குத் தலைமை என்று பெயர் வைப்பதில் தயக்கம் எதற்கு?

ஒரு பெண் எழுந்து நின்று ஆயிரம் பேர் முன்னால் குரல் எடுத்துப் பாடுவது அந்தக் காலத் தோட்டத்தில் என்ன பொருள் தந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். விடியலுக்கு முன் எழுந்து ரொட்டி தட்டி, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, நாள் முழுதும் மலையில் நின்று, இரவில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் தோட்டத்துப் பெண். அவள் உழைத்த சம்பளத்தைச் சம்பளத்தன்று கை நீட்டி வாங்குகிறவர் பெரும்பாலும் புருசன் அல்லது தகப்பன். அந்தச் சம்பளமும் குறைவு. 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி என்று சட்டப்படியே எழுதி வைத்தார்கள். தோட்டத்தின் வருமானத்துக்கு அடிப்படையான கொழுந்தைப் பறித்தவர்கள் பெண்கள். ஆனாலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் கிடைக்க 1984 வரை, அந்த ஆண்டின் பெரிய வேலைநிறுத்தம் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. 57 ஆண்டுகள்.

மீனாட்சி அம்மாள் மறதிக்குள் முழுதாக மூழ்காமல் இருந்ததற்குச் சில எழுத்தாளர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். சாரல்நாடன் பழைய பத்திரிகைகளையும் சிறுநூல்களையும் தேடித் திரிந்து எழுதிய ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ 1988இல் வந்தபோது, கணவரின் வாழ்க்கை வரலாற்றோடு மனைவியின் பணியும் வெளிச்சத்துக்கு வந்தது. குமாரி ஜயவர்தனவும் ரேச்சல் குரியனும் இலங்கைத் தோட்டங்களின் வர்க்கம், ஆணாதிக்கம், இனம் பற்றி எழுதி 2015இல் வெளியிட்ட ஆங்கில நூல் அவரைத் தோட்டத்துப் பெண்களின் போராட்ட வரலாற்றுக்குள் வைத்துப் பார்த்தது. ஆய்வாளர் கையில் அவர் பத்திரமாக இருக்கிறார். அட்டன் பஸ் தரிப்பிடத்தில் மஸ்கெலியா பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைக்கு அவர் இல்லை.

மறந்துபோன ஒரு தலைவியை ஓர் ஊர் எப்படி மீட்டெடுத்தது என்று பார்க்க, இந்த இடத்தில் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவுக்குப் போய்வருவது பயன்படும். அது நமக்கு அந்நியமான ஊரும் இல்லை. லிப்டன் பிறந்தது அந்த நகரில். டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரர். அட்டன் என்ற பெயரே அங்கிருந்து வந்தது என்பார்கள். ஹோலிரூட், பல்மோரல், எடின்பரோ, டன்சினேன், வேவர்லி என்று தோட்டத்துக்குத் தோட்டம் ஸ்கொட்லாந்துப் பெயர்களையே நம்மவர்கள் அஞ்சல் முகவரியாக எழுதிவருகிறார்கள்.

அந்தக் கிளாஸ்கோவின் கோவன் பகுதி கப்பல் கட்டும் தொழிலாளர் குடியிருந்த இடம். முதலாம் உலகப் போர்க் காலத்தில், ஆண்கள் பலர் போர்முனையில் இருக்க, 1915இல் வீட்டுச் சொந்தக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். மேரி பார்பர் என்ற குடும்பப் பெண் அக்கம்பக்கத்துப் பெண்களைத் திரட்டினார். ஏற்றிய வாடகையைக் கட்டமாட்டோம் என்று சன்னல்களில் அறிவித்தல் ஒட்டினார்கள். வீட்டைக் காலி செய்விக்க அதிகாரி வந்தால் ஒருத்தி மணியை அடிப்பாள். மற்றவர்கள் மாவும் ஈரத்துணியும் எடுத்துக்கொண்டு படிக்கட்டை அடைத்து நிற்பார்கள். ஆயிரக்கணக்கான வீடுகள் சேர்ந்துகொண்டன. நவம்பரில் நீதிமன்றத்தின் முன் பெருங்கூட்டம் கூடியது. அந்த ஆண்டு முடிவதற்குள் பிரித்தானிய நாடாளுமன்றம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. மேரி பார்பர் 1920இல் மாநகர சபை உறுப்பினரானார்.

அதற்குப் பிறகு அவரையும் ஊர் மறந்தது. நினைவூட்ட ஒரு சங்கம் அமைந்தது. பல ஆண்டுகள் பணம் சேர்த்தார்கள். 2018 மார்ச் 8ஆம் திகதி, மகளிர் தினத்தன்று, கோவனின் நடுச் சந்தியில் வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. சிற்பி அண்ட்ரூ பிரவுன். மேரி பார்பர் அதில் தனியாக நிற்கவில்லை. முன்னால் அவர் நடக்க, பின்னால் ஆட்கள் வரிசையாக வருகிறார்கள். சிலையைப் பார்க்கும்போது ஒரு தலைவியையும் ஓர் ஊர்வலத்தையும் சேர்த்தே பார்க்கிறோம். அதே 2018இல் லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் மில்லிசென்ட் ஃபோசெட்டுக்குச் சிலை எழுந்தபோது, அந்தச் சதுக்கத்தில் நின்ற ஆண்களுக்கு நடுவே அதுதான் முதல் பெண் சிலை. 2021இல் பிளாக்பர்ன் நகரம், தன் உறுப்பினராக நாடாளுமன்றத்தில் இருந்து 1970இன் சமசம்பளச் சட்டத்தைக் கொண்டுவந்த பார்பரா காசிலுக்குச் சிலை வைத்தது. இவையெல்லாம் வசதியான நாடுகளின் வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. கோவன் வசதியான இடமல்ல.

லயன் காம்பராவில் வாழும் மக்களுக்கு மேரி பார்பரின் கதை புதிதாகவும் இராது. குடியிருக்கும் அறை தனக்குச் சொந்தமில்லை, வேலையோடு சேர்ந்து வீடும் போகலாம் என்ற பயம் அவர்களுக்குத் தலைமுறைப் பழக்கம். 1946இல் கேகாலைப் பக்கம் நேவ்ஸ்மயர் தோட்டத்துக் குடும்பங்களை வெளியேற்றும் முயற்சியை எதிர்த்து மலைநாடு முழுவதும் வேலைநிறுத்தம் பரவியது. லயத்தைக் காக்க நின்ற பெண்கள் கோவனிலும் உண்டு, இங்கும் உண்டு. லிப்டனை மலை உச்சியில் உட்கார வைத்துப் பார்க்கும் நாம், லிப்டனின் சொந்த ஊர் யாரைச் சந்தியில் நிறுத்தி மரியாதை செய்தது என்பதையும் பார்த்துக்கொள்ளலாம்.

ஆட்சேபங்கள் வரும். வர வேண்டியவைதான்.

முதலாவது, எல்லோரும் சொல்லப்போவது: காம்பராக் கூரை ஒழுகுகிறது, பிள்ளைக்குப் பால்மா இல்லை, சம்பளப் பேச்சுவார்த்தை ஆண்டுக்கணக்கில் இழுபடுகிறது, இந்த நேரத்தில் சிலை எதற்கு? இந்தக் கேள்வி அக்கறையிலிருந்து வருகிறது, அதை எளிதாகத் தள்ளக்கூடாது. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக மக்கள் தெருவில் நின்ற ஆண்டுகளை யார் மறக்க முடியும்? ஆனால் கோயில் திருவிழாவுக்கும் தலைவர்களின் பதாகைகளுக்கும் செலவாகும்போது எழாத இந்தக் கேள்வி ஒரு பெண்ணின் சிலைக்கு மட்டும் எழுமானால், அது பசியைப் பற்றிய கேள்வியாக இல்லை. மீனாட்சி அம்மாள் பாடியது அந்த ஒழுகும் கூரையையும் குறைந்த கூலியையும்தான். சம்பளம் கேட்டு மல்லியப்பு சந்திக்கு வருகிறவர்கள் அவர் பக்கத்தில் வந்து நிற்பார்கள். காணி உரிமைக் கோரிக்கை அட்டையை அவர் கையிலேயே மாட்டிவிட்டாலும் பொருத்தமாகத்தான் இருக்கும்.

இரண்டாவது ஆட்சேபம் ஆழமானது. மீனாட்சி அம்மாள் கொழுந்து பறித்தவரல்லர். லயத்தில் பிறந்தவரல்லர். தஞ்சைப் பிராமணக் குடும்பத்து மருமகள். தோட்டத்து மக்களில் மிகப் பெரும் பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குள் இருந்து எழுந்த பெண்கள் இருக்கும்போது ஏன் இவர்? இதற்குப் பதில் சிலையின் அமைப்பிலேயே இருக்க வேண்டும். கோவனில் செய்ததைப் போல மீனாட்சி அம்மாளை ஒரு வரிசையோடு வைக்க வேண்டும். படங்கு கட்டிய பெண்கள், கூடையை இறக்கி வைத்த பெண்கள், பிள்ளையை இடுப்பில் வைத்த பெண்கள் அவரைத் தொடர்ந்து நிற்கக் கூடாது, அவரோடு சேர்ந்து பாட வேண்டும். ஒரே மட்டத்தில், ஒரே உயரத்தில், வாய் திறந்து. மேடையும் பீடமும் வேண்டாம். தலவாக்கலை டெய்லர் போல அண்ணாந்து பார்க்க வைக்கும் உயரம் இந்தச் சிலைக்கு ஒவ்வாது. அந்தப் பெண்களுக்குப் பெயரும் வேண்டும். ஒவ்வொரு தோட்டத்துச் சங்கக் கிளையிலும் மாதர் தலைவி என்று ஒருவர் உண்டு. சந்தா சேர்ப்பதிலிருந்து கொடி பிடித்து முன்வரிசையில் நிற்பது வரை பெண்கள் வேலையெல்லாம் அவர் தலையில். ஆனால் துரையோடு பேச உள்ளே போகும்போது ஆண் தலைவர்களே போவார்கள். காலஞ்சென்ற அந்த மாதர் தலைவிகளின் பெயர்களை அந்தந்தத் தோட்டத்து மக்களே கொண்டுவந்து தரட்டும். அவை கல்லில் ஏறட்டும்.

மூன்றாவதைக் கொஞ்சம் கவனமாகவே தொட வேண்டும். 1939, 1940ஆம் ஆண்டுகளில் எழுதப்பட்ட அந்தப் பாடல்கள் அன்றைய சிங்கள அமைச்சர்களின் இந்திய எதிர்ப்புக் கொள்கையைக் காரமாகவே தாக்கியவை. இன்றைக்கு அதை எடுத்து மறுபடி அச்சடித்தால் இனமுறுகலுக்கு எண்ணெய் ஊற்றியதாகாதா என்று கேட்கலாம். பாடல்களை மறைப்பது தீர்வாகாது. அன்று நடந்தது என்ன என்பதைச் சிங்கள மொழியிலும் எழுதி வைக்கத்தான் வேண்டும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் என்ன செய்தது என்பது மலையகத்தாருக்கு மட்டும் தெரிந்த இரகசியமாக இருக்கும் வரை இருபக்கமும் ஒன்றும் நகராது. 2023இல், மலையகத்தார் வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த நடைபயணத்தில் சிங்களவரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தார்கள். அந்த நடைக்கு இருந்த துணிச்சல் ஒரு கல்வெட்டுக்கும் இருக்கலாம்.

முகம் பற்றியும் ஒரு சொல். சிலை என்றால் உரியவரின் சாயல் வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நியாயமானது, அவசரப்பட்டால் அது கெட்டுப்போகும். 2018 பெப்ரவரியில் சென்னையில் அ.தி.மு.க. தலைமையகத்தில் ஜெயலலிதாவின் சிலையைத் திறந்தபோது அது அவரைப் போலவே இல்லை என்று ஊரே சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் வேறு சிலை வைக்க வேண்டியதாயிற்று. நாள்தோறும் திரையிலும் சுவரொட்டியிலும் பார்த்துப் பழகிய முகத்துக்கே அந்தக் கதி. அட்டனில் அரசியல்வாதியின் பிறந்தநாளுக்குள் முடித்தாக வேண்டும் என்று சீமெந்தில் வார்த்து வர்ணம் பூசும் வேலை நடந்தால் மீனாட்சி அம்மாளுக்கு மரியாதை செய்ததாகாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலைத் துறையிலும், மட்டக்களப்பு விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் பயின்ற இளம் சிற்பிகள் இருக்கிறார்கள், அவர்களில் தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. தேயிலைக் கறையையே வர்ணமாக்கிப் படைக்கும் அட்டன்காரர் ஹனுஷா சோமசுந்தரம் போன்ற மலையக ஓவியர்களும் எழுந்துவிட்டார்கள். திறந்த போட்டி வையுங்கள். மாதிரி உருவங்களை அட்டன் நகரில் ஒரு மண்டபத்தில் வைத்து, ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க வரும் தோட்டத்து மக்களிடம் காட்டுங்கள். மான்செஸ்டரில் யாருக்குச் சிலை வைப்பது என்பதையே 20 பெண்களின் பட்டியலிலிருந்து மக்கள் வாக்குப் போட்டு முடிவு செய்தார்கள். எமலின் பாங்கர்ஸ்ட் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று பேசுவது போல அந்தச் சிலை 2018 டிசம்பரில் அமைந்தது.

யார் செய்வது என்ற கேள்விக்கு இப்போது பதில் கொஞ்சம் இலகு. 1947 நாடாளுமன்றத்துக்கு இலங்கை இந்தியக் காங்கிரஸிலிருந்து ஏழு பேர் போனார்கள், ஏழு பேரும் ஆண்கள். காங்கிரஸின் மேடைகளில் பெண்கள் இல்லாமல் இல்லை. அந்த ஏழு பேரில் ஒருவரான எஸ்.எம். சுப்பையாவின் துணைவி கோகிலம் சுப்பையா பொதுவேலையிலும் நின்று, ‘தூரத்துப் பச்சை’ என்று தோட்டத்து வாழ்க்கையை நாவலாகவும் எழுதினார். ஆனால் வேட்பாளர் பட்டியல் என்று வரும்போது கதவு சாத்தியே இருந்தது. 2024 நவம்பர் தேர்தலில்தான் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் நாடாளுமன்றம் சென்றார்கள். 77 ஆண்டுகள். உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 சதவீத இடம் என்பது 2018 தேர்தலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பிரதேச சபை நிதியைத் தோட்டத்துக்குள் செலவிடக்கூடாது என்று இருந்த தடையும் அந்த ஆண்டுச் சட்டத் திருத்தத்தோடு நீங்கியது. 1937இல் கிராமச் சபையின் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பேத்திகள் இன்று நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனைப் பிரதேச சபைகளில் உறுப்பினர்களாக உட்கார்ந்திருக்கிறார்கள். 2025 மே தேர்தலுக்குப் பிறகு சபைகள் மறுபடி கூடுகின்றன. கட்சி எதுவானாலும் அந்தப் பெண் உறுப்பினர்கள் கூட்டாக ஒரு பிரேரணையைக் கொண்டுவரலாம். அட்டன்–டிக்கோயா நகர சபை இடத்தை ஒதுக்கலாம். தொழிற்சங்கங்கள், ஒவ்வொன்றும் தன் கொடியை வீட்டில் வைத்துவிட்டு, செலவைப் பகிரலாம். மேனகா கந்தசாமி தலைமை தாங்கிய செங்கொடிச் சங்கத்தைப் போல, பெண்கள் பொதுச் செயலாளர் நாற்காலிக்கே வந்துவிட்ட சங்கங்களும் இன்று உண்டு.

சிலையோடு சேர்த்து 1940ஆம் ஆண்டுச் சிறுநூலை மறுபடி அச்சிட வேண்டும். அதுவும் விழா மலர் போலப் பளபளப்புத் தாளில் வந்து மேடையில் இருப்பவர்களுக்குள்ளேயே தீர்ந்துபோகக் கூடாது. அட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியாப் பாடசாலைகளின் ஆசிரியர்கள் கையில், மெட்டுக் குறிப்போடு, பிள்ளைகள் பாடிப் பார்க்கும்படியாக. தமிழ்த்தினப் போட்டிக்கு அந்தப் பாடல் ஒன்றைப் பாடும் பிள்ளை, எழுதியவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும்.

கடைசியாக, கல்வெட்டு. வழக்கம்போல யாரோ எழுதி அனுப்பி, யாரும் பார்க்காமல் வெட்டி, திறப்பாளரின் பெயர் பெரிதாகவும் உரியவரின் பெயர் சிறிதாகவும் வந்துவிடக் கூடாத இடம் இது. ‘நடேசய்யரின்’ என்று அது தொடங்கக் கூடாது. முதல் வரியில் மீனாட்சி அம்மாள். இரண்டாவது வரியில் பாடலாசிரியர், பத்திரிகையாளர், தோட்டத் தொழிலாளர் தலைவி. மூன்றாவது வரியில் நூலின் பெயரும் ஆண்டும். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், மழையிலும் மூடுபனியிலும் தெரியுமளவு ஆழமாக வெட்டிய எழுத்தில். கணவரின் பெயர் நான்காவது வரியில் வரட்டும்.